ஒரே கண்ணுக்கு 20உம் 15உம்: எந்த மெஷின் சொல்வது சரி?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒட்டுசுட்டான் பக்கத்தைச் சேர்ந்த 43 வயதுக்காரர் ஒருவர். கண்ணில் எந்த வருத்தமும் இல்லை. வாசிப்புக் கண்ணாடி எடுக்க வவுனியாவில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போன இடத்தில், காற்று அடிக்கும் மெஷினில் கண் பிரஷரை, அதாவது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை, அளந்து வலது கண் 19, இடது கண் 20 என்று துண்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு கிழமை கழித்து கிளிநொச்சிப் பக்கம் நடந்த ஒரு கண் முகாமில், சொட்டு மருந்து எதுவும் விடாமல், கையில் பிடிக்கும் சின்ன மெஷின் ஒன்றைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து "டிக் டிக்" என்று அளந்து 14, 15 என்று எழுதியிருக்கிறார்கள். "இரண்டில் எது பிழை? சுகமான கண்ணுக்கே இவ்வளவு வித்தியாசம் காட்டும் மெஷின்களை எப்படி நம்புவது? கடையில் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாமா?" என்று கேட்கிறார். கடைசியில், போகிற போக்கில், "அப்பாவுக்கு ஒரு கண் குளுக்கோமாவில் போனது" என்று ஒரு வரி. குளுக்கோமா என்பது கண்ணில் இருந்து மூளைக்குப் போகும் நரம்பு மெல்லப் பழுதாகிப் பார்வையைக் கொண்டுபோகும் நோய்.

அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். மெஷினைப் பற்றிக் கேட்டாலும், மனதில் கிடப்பது "எனக்கும் வருமா" என்பது. இரண்டுக்கும் சொல்கிறேன். நான் வைத்தியர் இல்லை. வன்னியில் கண் கிளினிக்குகளிலும் பள்ளிக்கூட மண்டபங்களில் நடக்கும் முகாம்களிலும் இருபது வருடத்துக்கு மேலாகக் கண் பிரஷர் அளப்பவன். அளவைப் பற்றி நான் துணிந்து கதைக்கலாம். உங்களுக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்பதை அந்த நரம்பைப் பார்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

கண்ணின் முன்பகுதியில் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 மைக்ரோலீற்றர். அது ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற ஒரு திசு வழியாக வடிந்து இரத்தத்தில் சேருகிறது. இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் வருவதும் வான்கதவால் போவதும் மாதிரி. வரத்தும் போக்கும் சமமாக இருந்தால் மட்டம் ஒரு அளவில் நிற்கும். அந்த மட்டம்தான் பிரஷர். ஆனால் குளத்தில் அளவுகோலை நட்டு வைத்துப் பார்க்கலாம், கண்ணுக்குள் கோல் நட முடியாது. ஊசி ஏற்றி நேரடியாக அளப்பது சத்திரசிகிச்சையிலும் ஆராய்ச்சியிலும் மட்டும் நடக்கிற காரியம். மற்ற எல்லா மெஷினும் வெளியில் நின்று அழுத்தி, தட்டி, ஊதிப் பார்த்து, உள்ளே இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. சைக்கிள் ரயரைப் பெருவிரலால் அமத்திக் காற்றுப் பார்ப்போமே, அதே வேலை. ரயர் தடிப்பாக இருந்தால் காற்றுக் குறைவாக இருந்தாலும் கல்லு மாதிரித் தெரியும். தேய்ந்த ரயர் என்றால் மறுவளம். உங்கள் 20க்கும் 15க்கும் இடையில் உள்ள கதையில் பாதி இதற்குள் இருக்கிறது.

இப்போது உலகம் முழுக்க ஒப்பிடும் அளவுகோல் கோல்ட்மான் ரொனோமீற்றர். சுவிற்சர்லாந்தில் ஹான்ஸ் கோல்ட்மான் 1950களில் செய்தது. சொட்டு மருந்து விட்டு விறைக்கப் பண்ணி, மஞ்சள் சாயம் போட்டு, நீல வெளிச்சத்தில் ஒரு சின்ன பிளாஸ்ரிக் முனையைக் கோர்னியாவில், அதாவது கருவிழிக்கு முன்னால் உள்ள கண்ணாடிப் படலத்தில், மெல்ல வைப்போம். உள்ளே பார்த்தால் பச்சை நிறத்தில் இரண்டு அரை வட்டம் தெரியும். கையில் உள்ள சில்லைத் திருப்பத் திருப்ப அவை நகரும். இரண்டின் உள்விளிம்பும் சரியாகத் தொடும் இடத்தில் நிறுத்தி எண்ணை வாசிக்க வேண்டும். அப்போது 3.06 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டம் தட்டையாகியிருக்கும். ஏன் அந்த விசித்திரமான அளவு? அந்த அளவில் கோர்னியாவின் விறைப்பு முனையை வெளியே தள்ளுவதும், கண்ணீர் அதை உள்ளே இழுப்பதும் ஒன்றையொன்று ஏறத்தாழச் சமன் செய்கின்றன. ஒரு கிராம் விசை 10 மில்லிமீற்றர் இரசம் (உங்கள் 20, 15 எல்லாம் இந்த அலகில்தான்) என்று கணக்கும் சுலபமாகிறது. அழகான யோசனை. ஆனால் அதுவும் ஒரு நடுத்தரத் தடிப்புள்ள கோர்னியாவை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. அதோடு அளப்பவர் மனிதர். சாயம் கூடினால் வட்டக்கோடு தடித்து எண் ஏறும், குறைந்தால் இறங்கும். ஒரே கண்ணை நானும் பக்கத்து மேசையில் உள்ளவரும் அளந்து 2 வித்தியாசம் வந்தால் நாங்கள் சண்டை பிடிப்பதில்லை.

காற்று மெஷின் 1970களின் தொடக்கத்தில் வந்தது. ஒரு சிறு காற்றை ஊதி, கோர்னியா தட்டையாகும் கணத்தை வெளிச்சத் தெறிப்பால் பிடிக்கிறது. எல்லாம் சில மில்லிசெக்கனில் முடியும். கண்ணில் எதுவும் படாது, தொற்றுப் பயமில்லை, மருந்து வேண்டாம், அதனால்தான் கண்ணாடிக் கடைகள் இதை விரும்புகின்றன. பலவீனமும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. இதயத் துடிப்போடு கண் பிரஷர் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ஏறி இறங்கும். காற்று எந்தக் கணத்தில் பட்டதோ அந்தக் கணத்தைத்தான் அது அளக்கும். ஆகவே ஒரு அடி போதாது, குறைந்தது மூன்று அடித்துச் சராசரி எடுக்க வேண்டும். உங்கள் துண்டில் ஒரு கண்ணுக்கு ஒரே எண்தான் இருந்ததா, மூன்று எண்ணும் கீழே சராசரியும் இருந்ததா என்று பாருங்கள்.

இன்னொன்று, பயம். பல வருடங்களுக்கு முதல் ஒரு முகாமில் ஆச்சி ஒருவரைக் கதிரையில் இருத்தி, நாடியை வைக்கச் சொல்லி, ஒன்றும் சொல்லாமல் "டப்" என்று அடித்துவிட்டேன். ஆச்சி கதிரையோடு பின்னால் போய்விட்டார். "ஐயோ தம்பி, சொல்லிப்போட்டு அடிக்கப்படாதே?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டார். சண்டைக்குள் இருந்து வந்த எங்கள் சனத்துக்குத் திடீர்ச் சத்தம் என்றால் என்ன என்பதை அன்று நான் யோசித்திருக்க வேண்டும். மெஷினில் 24 விழுந்திருந்தது. தண்ணீர் கொடுக்காமல் (ஏன் என்று பிறகு சொல்கிறேன்) ஐந்து நிமிடம் கதைத்துவிட்டுத் திரும்ப அடித்தபோது 17, 16, 16. அன்றிலிருந்து எல்லோருக்கும் முதலில் கைவிரலில் ஒரு தரம் ஊதிக் காட்டிய பிறகுதான் கண்ணுக்குப் போகிறேன். இமையை இறுக்கினாலும், மூச்சைப் பிடித்தாலும், கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருந்தாலும் எண் ஏறும்.

முகாமில் உங்களுக்குப் பாவித்தது பின்லாந்தில் இருந்து வந்த ரிபவுண்ட் வகை. ஒரு மெல்லிய கம்பி, நுனியில் குண்டூசித் தலை போல ஒரு பிளாஸ்ரிக் உருண்டை. அது பாய்ந்து கோர்னியாவில் பட்டுத் திரும்பி வருகிறது. பிரஷர் கூடிய கண்ணில் சட்டென்று திரும்பும், குறைந்த கண்ணில் ஆறுதலாகத் திரும்பும். ஆறு தரம் தட்டிக் கணக்குப் போடும். மருந்து வேண்டாம் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கும் படுக்கையில் உள்ளவர்களுக்கும் பெரிய உதவி. ஆனால் கோர்னியாவின் நடுவில், நேராகப் பட வேண்டும். வரிசையில் நூறு பேர் நிற்கும் முகாமில் கை சரிந்தால் எண்ணும் சரியும். இவை தவிர கையில் பிடிக்கும் கோல்ட்மான் ஆன பெர்கின்ஸ், நுனியில் ரப்பர் உறை போடும் ரோனோபென் என்று வேறும் உண்டு. பழைய ஆட்களுக்கு 1905இல் நோர்வேயில் ஷியோட்ஸ் செய்த, படுக்கவைத்துக் கண்ணில் இரும்பைத் தூக்கி வைக்கும் சாமான் ஞாபகம் இருக்கும். மின்சாரம் இல்லாத காலங்களில் அது நிறைய வேலை செய்தது. இன்று அதை நம்பி முடிவெடுக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவது எப்படி? இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். வெட்டுக்காலத்தில் நெல் விற்றவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு வியாபாரியின் தராசு எந்த மூட்டைக்கும் ஒரு கிலோ குறைத்தே காட்டும். இன்னொருவரின் தராசு ஒரு மூட்டைக்கு மூன்று கிலோ கூட்டும், அடுத்த மூட்டைக்கு மூன்று கிலோ குறைக்கும். நூறு மூட்டை நிறுத்துச் சராசரி பார்த்தால் இரண்டாவது தராசு நல்ல பிள்ளை, வித்தியாசம் பூச்சியம். ஆனால் கையில் ஒரேயொரு மூட்டையோடு நிற்பவருக்கு முதல் தராசுதான் நல்லது, ஒரு கிலோவைக் கூட்டிக்கொண்டால் விஷயம் முடிந்தது. கண் பிரஷர் ஆய்வுகளில் "இரண்டு மெஷினுக்கும் சராசரி வித்தியாசம் 0.5தான்" என்று வாசித்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் இரண்டாவது தராசை வாங்குகிறார்கள். பிளாண்ட், ஓல்ட்மன் என்ற இரண்டு புள்ளிவிபர அறிஞர்கள் 1986இல் இதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதால் அவை ஒத்துப்போகின்றன என்றாகாது. ஒருவருக்கு வித்தியாசம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்ற எல்லையைப் பார்க்க வேண்டும்.

அந்த எல்லை சிறியது இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, எட்டு வகை மெஷின்களைக் கோல்ட்மானோடு வைத்துப் பார்த்தது. கோல்ட்மானுக்கு மிகக் கிட்ட வந்தவை காற்று மெஷினும் கையில் பிடிக்கும் அழுத்த வகையும். அந்தக் காற்று மெஷினிலேயே 2 மில்லிமீற்றருக்குள் ஒத்துப்போனவை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். மிச்சம் மூன்றில் ஒரு பங்கு அதற்கு மேல். நீங்கள் ஏளனமாக நினைக்கும் கடை மெஷின், முறையாகப் பாவித்தால், அவ்வளவு மோசமில்லை.

"சுகமான கண்ணுக்கே" என்று எழுதியிருக்கிறீர்கள். சுகமான கண்களில் மெஷின்களை ஒப்பிடும் ஆய்வுகள் ஏராளம். காரணம் சாதாரணமானது: மாணவர்களையும் ஆஸ்பத்திரி ஊழியர்களையும் பிடித்து இருத்துவது சுலபம். கோர்னியாவும் துப்பரவாக இருக்கும். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. சுகமானவர்களின் பிரஷர் பெரும்பாலும் 10க்கும் 21க்கும் இடையில்தான் நிற்கும், நடுவில் 15, 16. நான் ஒரு மெஷினும் இல்லாமல், வருகிறவர்கள் எல்லோருக்கும் "15" என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? மூன்றில் இரண்டு பேருக்கு என் எண் உண்மைக்கு 3க்குள் நிற்கும்! ஆகவே சுகமானவர்களில் மட்டும் பார்த்து "நன்றாக ஒத்துப்போகிறது" என்று சொல்லும் ஆய்வை வாசிக்கும்போது, அது "எல்லோருக்கும் 15" என்பதைவிட எவ்வளவு நல்லது என்று கேளுங்கள். மெஷின்கள் பிரிந்து போவது 25, 30க்கு மேல். காற்று மெஷினைப் பொறுத்தவரை பிரஷர் உயர உயர அதன் எண்ணை நான் குறைவாகவே நம்புவேன். சிகிச்சை முடிவு எடுக்கும் இடமும் அந்த உயரம்தான். சுகமானவர்கள் அங்கே போவதே இல்லை. அப்புறம், யார் முதலில் அளந்தார்கள் என்பதும் முக்கியம். கண்ணைத் தொட்டு அழுத்தும் மெஷினைத் திரும்பத் திரும்பப் பாவித்தால் நீர் கொஞ்சம் பிழிந்து போய் அடுத்த அளவு குறையும். காற்றை முதலில் அடித்துவிட்டுக் கோல்ட்மானைக் கடைசியில் வைப்பது அதனால்தான்.

உங்கள் இரண்டு அளவுகளும் ஆய்வு முறையில் எடுத்தவையும் இல்லை. இரண்டு கிழமை இடைவெளி, வேறு நேரம், வேறு கை. சுகமான கண்ணிலேயே ஒரு நாளுக்குள் 3 முதல் 6 வரை ஏறி இறங்குவது வழமை. பலருக்கு விடியப்புறமும் காலையிலும் கூட, பின்னேரம் குறைவு. கடைக்குக் காலையில் போனீர்களா, முகாமுக்கு மத்தியானம் தாண்டியா? ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வந்து ஏ9இல் வவுனியாவுக்கு வெயிலில் மோட்டார் சைக்கிளில் போனவர், இறங்கியதும் ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்திருப்பார். அதுவும் கொஞ்ச நேரத்துக்குப் பிரஷரை ஏற்றும். ஆச்சிக்குத் தண்ணீர் கொடுக்காததன் காரணம் இதுதான். 5 வித்தியாசத்துக்கு இவையே போதும். ஒரு மெஷின் பழுது என்று சொல்லத் தேவையில்லை.

மெஷின் பிழைப்பதும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு தரம் கிரவல் றோட்டில் இரண்டு மணித்தியாலம் குலுங்கிப் போய் ஒரு கிராமத்தில் முகாம் போட்டோம். காலையில் வந்த முதல் பதினைந்து பேரில் ஒருவருக்குக்கூட 18க்குக் கீழே வரவில்லை. ஊரில் எல்லோருக்குமா பிரஷர் என்று யோசித்து, கூட வந்த பிள்ளையின் கண்ணை அளந்தேன். முந்தின நாள் 14, இப்போது 19. பெட்டியில் இருந்த சோதனைக் கம்பியை எடுத்து 0, 20, 60 என்ற மூன்று இடத்திலும் வைத்துப் பார்த்தால், கோல்ட்மான் 20இல் தாண்டி நிற்கிறது. பதினைந்து பேரையும் திரும்பக் கூப்பிட்டு வேறு மெஷினில் அளந்தோம். அதற்குப் பிறகு ரொனோமீற்றர் பெட்டி வானில் என் மடியில்தான் வரும்.

கோர்னியாத் தடிப்பைப் பற்றித் தெரிந்ததும் தெளிவில்லாததும் கலந்து கிடக்கிறது. நிச்சயமானது: தடித்த கோர்னியாவில் கோல்ட்மானும் காற்றும் ரிபவுண்டும் கூட்டிக் காட்டும், மெல்லியதில் குறைத்துக் காட்டும். கண்ணாடியை விடுவதற்கு லேசர் செய்தவர்களுக்கு எண் பொய்யாகக் குறையும். மெல்லிய கோர்னியா உள்ளவர்களுக்குக் குளுக்கோமா வரும் ஆபத்துக் கூட என்பதை 2002இல் வெளியான அமெரிக்கப் பேராய்வு ஒன்று காட்டியது. தெளிவில்லாதது: "தடிப்பு இவ்வளவு, ஆகவே எண்ணில் இவ்வளவைக் கூட்டு" என்ற திருத்த அட்டவணைகள். பல இருக்கின்றன, ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கைபேசியில் கணக்குப் போட்டு "உங்கள் உண்மையான பிரஷர் 17.3" என்று யாராவது சொன்னால் அந்தத் தசமப் புள்ளியை நம்ப வேண்டாம். தடிப்பை அளந்து மெல்லியதா, நடுத்தரமா, தடிப்பா என்று கொப்பியில் குறித்து வைப்பது போதும். சண்டைக்காலத்தில் கண்ணில் துகள் பட்டுக் கோர்னியாவில் தழும்பு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்குத் தழும்பில்லாத சின்ன இடத்தில் வைத்து அளக்கக்கூடிய மெஷின்தான் உதவும். அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்தும் பிரஷர் ஏறலாம் என்பதால் அவர்கள் கிளினிக்கை விடக்கூடாது.

இனி அப்பாவின் கதை. 21 என்ற கோடு சுகமானவர்களின் சராசரியில் இருந்து புள்ளிவிபரப்படி போட்ட கோடு. 20 சுகம், 22 வருத்தம் என்று கண் பிரித்துப் பார்ப்பதில்லை. நான் சொன்ன அமெரிக்க ஆய்வில் பிரஷர் 24 முதல் 32 வரை இருந்தும் மருந்து போடாமல் விட்டவர்களில், ஐந்து வருடத்தில் குளுக்கோமா வந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. உங்கள் 20ஐ வைத்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம். அதே மாதிரி 14 என்ற எண்ணைக் கண்டு ஆறுதலாக வீட்டில் இருக்கவும் வேண்டாம். பிரஷர் 21க்குக் கீழே இருந்தபடியே நரம்பு பழுதாகும் குளுக்கோமாவும் உண்டு, அது அரிதும் இல்லை. தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் மற்றவர்களைவிட ஆபத்துப் பல மடங்கு. ஆகவே உங்களுக்கு வேண்டியது மூன்றாவது மெஷின் இல்லை. கண்மணியை மருந்தால் விரித்து நரம்பைப் பார்க்கும் ஒரு வைத்தியரும், பக்கப் பார்வையைச் சோதிக்கும் ஒரு பரிசோதனையும். அப்பாவைப் பற்றி அங்கே முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், இங்கே போல் கடைசியில் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், நீங்கள் எழுதவில்லை. சூடடிக்கும் காலத்தில் தூசு பட்டுக் கண் சிவந்து அரித்தால் பாமசியில் போய் "போன முறை தந்த அந்தத் துளி" என்று வாங்கி விடும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. அது பல நேரம் டெக்சாமெதசோன் போன்ற ஸ்ரீரொயிட் மருந்தாக இருக்கும். விட்டதும் சுகமாக இருக்கும். சிலருக்குக் கிழமைக்கணக்கில் விட்டால் பிரஷர் சத்தமில்லாமல் ஏறும், குடும்பத்தில் குளுக்கோமா உள்ளவர்களுக்கு இன்னும் சுலபமாக ஏறும். வலிக்காது, சிவக்காது. அப்படி ஒரு போத்தல் வீட்டில் இருந்தால் கிளினிக்குக்குப் போகும்போது கொண்டு போங்கள். வைத்தியர் ஒருவர் எழுதித் தந்து இப்போது விட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே கேளுங்கள்.

போகும்போது கடைத் துண்டையும் முகாம் துண்டையும் எடுத்துச் செல்லுங்கள், இரண்டும் பிரயோசனம். அங்கே கோல்ட்மானில் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள். கொப்பியில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த மெஷின், எத்தனை மணி என்பதையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் கூடியவரை அதே மெஷின், அதே நேரம். கடைக்காரரிடம் காசு திருப்பிக் கேட்க வேண்டாம். மூன்று தரம் அடித்துச் சராசரி போட்டுத் தந்தாரா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால், அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது இன்னும் இரண்டு அடி அடித்துத் தரச் சொல்லலாம்.